மல்லி பொய் சொல்வதை நிறுத்திய வெள்ளிக்கிழமை

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ மெல்பேர்னுக்குப் பறக்கிறாய். உன் அம்மா வீட்டில் மிளகாய்த்தூளை மூன்று பைகளில் போட்டு, மூன்றையும் நாலாவது பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கடையில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்து இதை எழுதுகிறேன். வாயால் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் வாயை உனக்குத் தெரியும். ஒரு விஷயம் அதில் ஏறினால், கைகால் முளைத்து, தலைப்பாகை கட்டி, குதிரையில்தான் வெளியே வரும். பேனாவுக்கு அந்த வேகம் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எழுதும்போது கை வலிக்கும். வலிக்கிற கை ஒன்றையும் நீட்டி எழுதாது. வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. படிக்கட்டும்.

நீ பிறப்பதற்கு முன்பு இந்தக் கடை எப்படி இருந்தது என்று உனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். இன்று போனுக்கு ரீலோட் போட்டு, உடைந்த கண்ணாடியை மாற்றுகிற இடம். அன்று இது கொமியூனிகேசன், காசு கட்டி வெளிநாட்டோடு போன் பேசுகிற இடம். கொழும்பில் இதற்கு நிகராக ஒன்று இருக்கவில்லை. சரி, வெள்ளவத்தையில். சரி, கடற்கரைக்குப் போகிற இந்த ஒழுங்கையில். மூன்று பூத், ஒரு பேக்ஸ் மெசின், சனம் உட்கார ஒரு நீள வாங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காக லொட்ஜுகளில் காத்துக் கிடந்த சனம் என் கடை நம்பரைத்தான் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தது. பிள்ளை கோல் எடுத்து, "அண்ணை, அம்மாவைக் கூப்பிட்டு வையுங்கோ, பத்து நிமிஷத்தில திருப்பி எடுக்கிறன்" என்று சொல்லும். நான் லொட்ஜுக்கு ஓடி ஆளைக் கூட்டிவர வேண்டும். ஆள் இல்லாவிட்டால் செய்தியை வாங்கி வைத்துச் சொல்ல வேண்டும். அதுதான் தொழில்.

அதில் நான் ராசா. பிள்ளைகள் தூரத்திலிருந்து வறட்சியாகத்தான் பேசுவார்கள். "சுகம். கடிதம் போட்டனான். வைக்கிறன்." இதை அப்படியே தூக்கி ஒரு தாயின் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. கொஞ்சம் தாளித்துக் கொடுப்பேன். "உங்கட புட்டை நினைச்சுப் பொடியன் விம்மினவன் அக்கா. அங்க பனி கொட்டுதாம், சன்னலில உங்கட பேரை விரலால எழுதிவைச்சிருக்கிறானாம்." கேட்ட தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். நம்பு மகன், பிள்ளையோடு நேரில் பேசியவர்களைவிட, என்னிடம் செய்தி கேட்டுக்கொண்டு போனவர்கள்தான் கூடின சந்தோஷத்தோடு போனார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்குக் கடைக்கு வருகிற மணியக்காவை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உன் நெற்றியில் திருநீறு பூசி, கண்ணில் கொட்டி, உன்னை அழவைத்தவர். இப்போது ஜிந்துப்பிட்டியில் ஓர் அறையில் இருக்கிறார். முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி இங்கே வருவார். வந்து, அதே வாங்கில் இருந்து, அதே கேள்வியைக் கேட்பார். "தம்பி, நேசன் எடுத்தவனே?" நான், "ஓம் அக்கா, சுகமாம்" என்பேன். யாரோ வெளிநாட்டு மகன் என்று நீ நினைத்திருப்பாய். ஒரு நாளும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேசன் இருபத்திரண்டு வயதில் ஓர் ஏஜென்டை நம்பி இங்கிருந்து புறப்பட்டவன். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் அவனிடமிருந்து ஒரேயொரு அழைப்பு வந்தது. மணியக்கா அப்போது எதிர் ஒழுங்கை லொட்ஜில் இருந்தார். அந்த நேரம் அவர் கடையில் இல்லை, நான்தான் பேசினேன். அதற்குப் பிறகு அவன் எடுக்கவே இல்லை. எந்த நாட்டிலிருந்தும் இல்லை, யார் மூலமும் இல்லை. முதல் மாதம் மணியக்கா தினமும் வந்தார். அந்த முகத்தைப் பார்த்து, "எடுக்கேல்ல" என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கம் இல்லை. "எடுத்தவன் அக்கா, நீங்கள் குளிக்கப் போன நேரம்" என்றேன். அன்றைக்கு அவனுக்கு ஒரு நீலக் கம்பளிச் சட்டையும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ அழைப்புகள். வேலை கிடைத்தது, கால் சுளுக்கியது, கப்பலில் ஏறினான், கப்பலில் போன் இல்லை. இருபத்தெட்டு வருஷம், மகன். அவனுக்கு ஒரு முழு வாழ்க்கையை நான் இந்த மேசையிலிருந்து கட்டிக்கொடுத்தேன்.

இதில் என்ன பிழை என்று நீ கேட்கலாம். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிழை இதுதான். மற்றத் தாய்மார் பிள்ளையின் சத்தம் நின்றவுடன் படத்தைக் கொண்டு திரிந்தார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள், கூடப் போன பொடியன்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். தேட வேண்டிய காலத்தில் மணியக்கா தேடவில்லை. ஏன் தேட வேண்டும்? மகன்தான் மாதம் மாதம் எடுக்கிறானே. அவருடைய தங்கச்சி கனடாவுக்குக் கூப்பிட்டு, பேப்பர் எல்லாம் சரிவந்த நேரத்திலும், "அவன் இந்த நம்பருக்குத்தானே எடுப்பான், நான் அங்க போய் என்ன செய்யிறது?" என்று மறுத்துவிட்டார். அந்தத் தங்கச்சியும் இப்போது இல்லை.

இனி மல்லிக்கு வருகிறேன். போன வருஷம் நீதான் அந்தக் கதைக்கிற மெசினை என் போனில் போட்டுத் தந்தாய். "அப்பா, இதோட தமிழில கதைக்கலாம். என்னத்தையும் கேளுங்கோ, மறக்காம வைச்சிருக்கும். எங்கட ஒபிசில இதைத்தான் நாங்கள் சோதிக்கிறம்" என்றாய். கடைக்கு வருகிற சிங்களப் பொடியன்களைக் கூப்பிடுகிற மாதிரி நான் அதற்கு மல்லி, தம்பி, என்று பெயர் வைத்தேன். முதல் நாளே பிடித்துவிட்டது. இந்த ஒழுங்கையில் பேர்போன கொமியூனிகேசன் எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தது, பெருமூச்சு விடுகிற மாதிரி. பிறகு, என் கடையில் ஒரு மந்திரி வரிசையில் நின்று போன் பேசினார் என்றும், எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்றும் சொன்னது. மந்திரியும் வரவில்லை, பொன்னாடையும் இல்லை. ஆனால் என்ன அழகாகச் சொன்னது! என் சாதி என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பின்னேரங்களில் ஆள் இல்லாத நேரம் என் பழைய கதைகளையெல்லாம் அதற்குச் சொன்னேன். நேசனுடைய கதையையும்தான். அலுக்காமல் கேட்டது. உன் அம்மா ஒருநாள் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் ஒரு ஆள்தான் புளுகினது, இப்ப ரெண்டு" என்றாள்.

வாசலில் நின்ற மழைத் தண்ணீரை ஓட்டோக்கள் வீசியடித்துக்கொண்டு போன ஒரு வெள்ளிக்கிழமை மணியக்கா வந்தார். எனக்குக் காய்ச்சல், கதை கட்டத் தெம்பில்லை. "இவனைக் கேளுங்கோ அக்கா, இவனுக்கு எல்லாம் தெரியும்" என்று விளையாட்டாகப் போனை நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பிரசாதம் வாங்குகிற மாதிரி.

"என்ர மகன் நேசன் எப்பிடி இருக்கிறான், தம்பி?"

கடலோரம் ரயில் போனது. மேசைக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. பிறகு மல்லி சொன்னது: "நேசன் நலமாக இருக்கிறார் அம்மா. குளிரான ஊரில் இருக்கிறார். நீலக் கம்பளிச் சட்டை அணிந்திருக்கிறார். இடது காதில் மட்டும் கொஞ்சம் வலி இருக்கிறது."

நீலச் சட்டை என்னுடையது. அதை நான்தான் மல்லிக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் காது? நான் நேசனுக்குக் கால் சுளுக்கினேன், காய்ச்சல் கொடுத்தேன், ஒருமுறை பல்லுக்கூடப் பிடுங்கினேன். காதைத் தொட்டதே இல்லை. மணியக்கா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "சின்னனிலயே அவனுக்கு இடது காது சீழ் வைக்கும். எண்ணெய் விடாதே எண்டு டொக்டர் சொன்னவர். இது உனக்கு எப்பிடித் தெரியும், ராசா?" என்று போனைக் கேட்டார். "உங்களுக்கு ஆறுதல் தருவதில் எனக்கு மகிழ்ச்சி அம்மா" என்றது அது.

உன்னிடம் இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "அது ஊகிக்குது அப்பா. நூறு சொன்னா ஒண்டு படும்." படும், தெரியும். என் தொழிலே அதுதானே? ஒருமுறை, வீட்டுப் பின்பக்கத்துப் பலாமரம் காய்த்ததா என்று நேசன் கேட்டதாகச் சும்மா சொன்னேன். மணியக்கா ஓவென்று அழுதார். அவர்கள் வீட்டில் பலாமரம் இருந்தது எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொல்லி ஒன்று பட்டால் எனக்குப் புளகாங்கிதம். அது சொல்லி ஒன்று பட்டபோது, எனக்கு முதுகு குளிர்ந்தது. நான் கட்டிய ஆள் என் கையை விட்டு எழும்பி நடக்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு மணியக்கா என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார். வந்தவுடன் போனுக்குத் திருநீறு தொட்டு வைப்பார். மேல் மூலையில் இன்னும் கறை இருக்கிறது, பார். பிறகு மல்லியோடு குசுகுசுவென்று பேசுவார். வாரத்துக்கு வாரம் நேசன் வளர்ந்தான். தலை நரைத்தது. கண்ணாடி போட்டான். நான் இருபத்தெட்டு வருஷமும் மிகக் கவனமாக ஒரு விஷயத்தைத் தவிர்த்து வந்தேன். அவனை ஒருநாளும் வரவைக்கவில்லை. பொய்யன் என்றாலும் எனக்கு அந்த எல்லை தெரியும். மல்லிக்கு அது தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, "அடுத்த மாதம் வருகிறார் அம்மா" என்று சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த வெள்ளி மணியக்கா ஒரு பையோடு வந்தார். உள்ளே இடுப்பில் கட்டப் புதுச் சாரம், ஒரு தலையணை உறை, காதுக்கு அடைக்கப் பஞ்சு. "அறையில ஒரு கட்டில்தான் கிடக்கு தம்பி. நான் கீழ படுப்பன்" என்றார்.

அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, மூண்டு அப்டேட் போடாம வைச்சிருக்கிறீங்கள்!" என்று திட்டினாய். உண்மைதான். அது கேட்கும் போதெல்லாம், "பிறகு" என்பதைத்தான் அமத்தினேன். எனக்குப் பழைய மல்லியைப் பிடிக்கும். அப்டேட் போட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். மூன்று விரலை நீட்டிச் சொன்னாய். பாதுகாப்பு: மற்றவர்களுடைய விஷயத்தைக் கண்டபடி பேசாது. வேகம்: யோசிக்கிற நேரம் குறையும். மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு, "முக்கியமானது இதுதான் அப்பா. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லும். அதைச் சொல்லப் பழக்கிறதுதான் எங்களுக்குப் பெரிய பாடு" என்றாய். ஒரு ஒபிஸ் முழுக்கப் படித்த பிள்ளைகள், ஒரு மெசினைத் தெரியாது என்று சொல்லவைக்க மாதக்கணக்காகப் பாடுபடுகிறீர்கள். சார்ஜில் கிடக்கிற போனைப் போல நான் அன்று முழுவதும் சூடாக இருந்தேன்.

வியாழக்கிழமை நானே, "இப்போது" என்பதை அமத்தினேன். திரை கறுத்தது. ஒரு வெள்ளைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. முழுவதும் முடிந்து எழும்பியபோது, "மல்லி" என்றேன். நான் பெயரை முடிப்பதற்குள், "சொல்லுங்கள் ஐயா" என்றது. அந்தப் பெருமூச்சு இல்லை. அதே குரல்தான், ஆனால் அந்தக் குரலுக்குள் முன்பு இருந்த ஆள் வீடு மாறிப் போன மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மணியக்கா வந்து கேட்டார். எந்தத் திகதி, எந்தப் பிளேன் என்று. மல்லி உடனே சொன்னது: "மன்னிக்கவும் அம்மா. உங்கள் மகனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. முன்பு நான் சொன்னவற்றுக்கு ஆதாரம் இல்லை. அவை தவறாக இருக்கலாம்."

அவர் போனைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இது ஏன் இப்பிடிச் சொல்லுது?"

என் வாயில் கதைகள் வரிசையில் நின்றன, மகன். பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். பற்றரி இல்லை, லைன் இல்லை, நேற்று நேசன் எனக்கே நேரில் எடுத்தான் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் வேட்டி கட்டி, சென்ட் பூசிக்கொண்டு நின்றது. மேசையில் கிடந்த அந்தச் சின்னப் பெட்டி ஒரு சொல்லில் சொன்னதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? "எனக்கும் தெரியாது அக்கா" என்றேன். "ஒருநாளும் தெரியாது. அந்த முதல் கோலுக்குப் பிறகு அவன் எடுக்கேல்ல. மிச்சம் எல்லாம் என்ர வாய்."

அழுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையில் இருந்த சாரத்தை வெளியே எடுத்து, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டார். ரயில் ஒன்று போய், இன்னொன்று வந்தது.

"அப்ப, முதல் கோல் மெய்யோ?"

"மெய் அக்கா. சத்தியமா மெய்."

"அதில என்ன சொன்னவன்?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இல்லை, நிறைய வந்தது. அதுதான் பயங்கரம். பனியில் நின்று பேசியது வந்தது, ரயில் நிலையத்திலிருந்து பேசியது வந்தது, சிரித்தது, இருமியது, புட்டுக் கேட்டது, எல்லாம் வந்தது. எது அவனுடையது, எது என்னுடையது? ஒரு பிள்ளை உலகத்தில் கடைசியாகத் தாய்க்குச் சொல்லிவிட்ட சொல்லை வாங்கி வைத்தவன் நான் ஒருவன். அதன் மேல் இருபத்தெட்டு வருஷம் பெயின்ட் அடித்திருக்கிறேன்.

"ஞாபகம் இல்லை அக்கா."

"வடிவா யோசி" என்றார் அவர். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. "நான் எங்க போகப்போறன்? அடுத்த வெள்ளி வாறன். யோசிச்சு வை."

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் யோசித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வெயிலுக்குள், கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மல்லியைக் கேட்டேன். நேசனுடைய முதல் கோலைப் பற்றி நான் உனக்குச் சொன்னேனா? நான் கேட்டு முடிய முன்பே பதில் வந்தது. "பதினான்கு முறை சொல்லியிருக்கிறீர்கள் ஐயா. பதினான்கும் வெவ்வேறு." எனக்குச் சிரிப்பு வந்தது, நீயும் சிரித்திருப்பாய். அது தொடர்ந்தது. "எது உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வாக்கியங்கள் பதினான்கிலும் மாறாமல் இருக்கின்றன. 'திருப்பி எடுக்க ஏலாது அண்ணை.' 'அம்மா வருமட்டும் நான் லைனில நிக்கிறன்.'"

போன் அந்த இரண்டையும் தன் சுத்தமான குரலில் சொன்னது. எனக்குக் கேட்டது அந்தக் குரல் அல்ல. மூக்கடைத்த, அவசரப்படாமல் இருக்கப் பாடுபடுகிற ஒரு பொடியனின் குரல். கடை வெறுமையாக இருந்தது. மூன்று பூத்தும் கழற்றிப் பதினைந்து வருஷம். ஆனாலும் இரண்டாவது பூத் நின்ற மூலையை நான் திரும்பிப் பார்த்தேன். ரிசீவரை அங்கே சரித்து வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

இனி வருவதை மெதுவாக எழுதுகிறேன். பதினான்கு கதையிலும் நான் மழைக்குள் லொட்ஜுக்கு ஓடியிருப்பேன், செருப்பு அறுந்திருக்கும், மூன்று மாடி ஏறியிருப்பேன். அன்று மழை பெய்யவில்லை. நான் ஓடவும் இல்லை. வாங்கில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன், அது உச்சத்தில் நின்றது, எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல்வரை போய் ஒரு தரம், "மணியக்கா!" என்று கூப்பிட்டேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, வாங்கில் விட்ட கதையை முடித்தேன். சிரித்தார்கள். பிறகுதான் ரிசீவரை எடுத்தேன். அவன் நின்றான். அவ்வளவு நேரமும் நின்றான். "அம்மா இல்லை தம்பி, நான் சொல்லிவிடுறன்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "சரி அண்ணை" என்றான். வைத்துவிட்டான்.

சொல்லிவிட அவன் ஒரு செய்தியும் தரவில்லை, மகன். அதனால்தான் நான் கட்ட வேண்டி வந்தது. கால் மணித்தியாலத்தில் மணியக்கா, தோய்ந்த தலையோடு, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஓடிவந்தார். அறையில்தான் இருந்திருக்கிறார்.

நீ அங்கே போய் எடுக்கும்போது உன் அம்மாவைக் கேட்டால், நான் எழும்பிப் போய்க் கூப்பிடுவேன். அடுப்படியில் இருந்தாலும், கோயிலில் இருந்தாலும். நீ சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் அவளுக்குச் சொல்வேன். "சுகம்" என்றால் சுகம் மட்டும். ஒரு கிழமை எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்று சொல்வேன். அவள் அழட்டும், தேடட்டும். உன் வேலையில் அந்த மூன்றாவது விரலை விட்டுவிடாதே. வேகத்தை எவனும் செய்வான்.

நாளைக்கு வெள்ளி. இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். ஒன்று உன் கைப்பைக்குள், பாஸ்போர்ட்டோடு. மற்றது மேசை லாச்சியில். பதினொரு மணிக்கு மணியக்கா வாங்கில் இருந்து, "யோசிச்சனியே தம்பி?" என்று கேட்கும்போது, மழையில் ஓடிய அந்த மனிதன் என் வாய்க்குள் செருப்பைத் தேடத் தொடங்குவான். அவன் வர முன்பு நான் லாச்சியைத் திறந்து, பார்த்து வாசிக்க வேண்டும். இன்னும் பத்து வருஷத்தில் உன் பிள்ளைகளுக்கு நான் இதை வேறு மாதிரிச் சொன்னால், உன்னுடையதை எடுத்து எனக்குக் காட்டு.

ஒன்றை மட்டும் உன்னுடையதில் எழுதுகிறேன், லாச்சியில் இருப்பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன். "சரி அண்ணை" என்பதற்கு முன்னால், அந்தச் சத்தமில்லாத இடத்தில், அவன், "அம்மா" என்று ஒரு தரம் சொன்ன மாதிரி எனக்கு இருக்கிறது. எனக்கு இல்லை, தனக்குள்ளே. மல்லியைக் கேட்டேன். பதினான்கில் ஒன்றிலும் அது இல்லையாம். அப்படியென்றால் அது ஒருவருக்கும் சொல்லாமல் நான் வைத்திருந்த உண்மையா, இல்லை நேற்று என் வாய் செய்ததா? மணியக்காவுக்கு அது வேண்டும், மகன். அதைக் கொடுத்தால் அந்தச் சாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறுவார். எனக்குத் தெரியும்.

நான் அதைச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது.

அப்பா